தோல் தொழிலும் எழுத்து வேலையும்

வேலூருக்குத் தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் அமிர்தியை இன்று பெரும்பாலோர் அங்குள்ள சிறிய விலங்குக் காட்சிசாலையையும் மழைக்காலத்து நீர்வீழ்ச்சியையும் கொண்டே அறிவர். ஆயினும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றையொட்டி நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் தோல் பதனிடும் தொழிலின் கதையைச் சொல்லப் புகுபவர் எவரும் இந்த மலைச் சரிவை விட்டுவிட முடியாது. தோலைப் பதப்படுத்தும் ஆவாரம் பட்டை இப்பக்கத்து வறண்ட நிலங்களில் தானாக வளர்ந்தது. பதமான தோலுக்கு நிறத் தெளிவு கொடுக்கும் கடுக்காயை ஜவ்வாது மலைவாசிகள் பொறுக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். மலை கொடுத்த மூலப்பொருளும் பாலாறு கொடுத்த நீரும் ஒன்றுசேர்ந்த இடத்தில் தொழில் வேரூன்றியதில் வியப்பில்லை.

அந்தப் பழைய முறையில், சுண்ணாம்புக் குழியில் மயிர் நீங்கிய தோல்கள் பட்டைச் சாறு நிரம்பிய குழிகளில் வாரக்கணக்கில் ஊறி, கடுக்காய் நீரில் நிறம் தெளிந்து, எண்ணெய் பூசப்பெற்று, ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயருடன் சென்னையிலிருந்து கப்பலேறின. எவ்வளவு பட்டை, எத்தனை நாள், எப்போது குழி மாற்றுவது என்பனவெல்லாம் மேஸ்திரியின் கண்ணிலும் கையிலும் இருந்தன. அவர் தோலின் ஓரத்தை நறுக்கி, வெட்டுமுகத்தின் நடுவில் பதம் ஏறாத வெளிறிய கோடு தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால், இன்னும் நாலு நாள் கிடக்கட்டும் என்பார். “எல்லாம் கையிலேயே இருக்குது சார், இதுல எழுதி வைக்க என்ன இருக்குது?” என்று இன்றைக்கும் டேனரிகளில் வயதான மேஸ்திரிகள் கேட்பதுண்டு. அதை வெறும் பெருமைப் பேச்சென்று தள்ளிவிட இயலாது. பல தலைமுறை அனுபவம் அந்த விரல் நுனியில் திரண்டிருப்பது உண்மை. ஆனால் கையிலிருக்கும் அறிவு அந்தக் கையோடுதான் வேலைக்கு வரும், அந்தக் கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும்.

பொறியியலாளர்கள் எழுதிவைக்கும் வரைபடம், செய்முறைக் குறிப்பு, பராமரிப்புக் கையேடு, லாக் புக், மாற்றக் குறிப்பு ஆகிய தொழில்நுட்ப ஆவணங்களின் அவசியம் இங்கேதான் தொடங்குகிறது. இவற்றைக் குமாஸ்தா வேலை என்றும், ஆய்வாளர் வரும்போது அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டுவதற்கு மட்டும் உரியவை என்றும் கருதும் மனோபாவம் நம் தொழிற்சாலைகளில் ஆழப் பதிந்திருக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு, உலகத்தையெல்லாம் சுற்றி உதாரணம் தேட வேண்டியதில்லை. வேலூர்ப் பகுதித் தோல் தொழிலின் ஒரு நூற்றாண்டு வரலாறே போதும்.

எழுதியதால் பரவிய முறை

சென்னைப் பொறியியற் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, பின்னர்ச் சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலப் பொறியியலாளர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் குரோமியம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் புதிய முறையைச் சென்னையில் பரிசோதித்துப் பார்த்தார். அதே காலத்தில், 1904-ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்தில் தோல் பதனிடுதலையும் தோல் வேலைகளையும் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. புதியதைப் புகுத்த வந்தவர் பழையதை இகழ்ந்து ஒதுக்காமல், அது எவ்வாறு நடைபெறுகிறது என்று கேட்டும் பார்த்தும் எழுதிவைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. தொழிலை மாற்ற விரும்புகிறவனுக்கு அது இப்போது இருக்கும் நிலையைப் பற்றிய நம்பகமான குறிப்பு முதலில் வேண்டும்.

குரோமியப் பதனீடு உலகெங்கும் பரவிய வரலாறும் எழுத்தின் வரலாறே. நியூயார்க்கில் சாய வியாபாரத் தொடர்புடையவராக இருந்த அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884-இல் இம்முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதைச் சுருக்கி எளிமையாக்கிய மார்ட்டின் டென்னிஸ் 1893-இல் தமது முறைக்குக் காப்புரிமை பெற்றார். காப்புரிமை என்பது அரசாங்கத்தோடு செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம்: கண்டுபிடித்தவர் தமது செய்முறையை, அத்தொழிலறிந்த இன்னொருவர் படித்துச் செய்யக்கூடிய தெளிவுடன் எழுதி உலகறிய வெளியிட வேண்டும்; அதற்குக் கைம்மாறாகக் குறிப்பிட்ட காலம்வரை அதன் பலனை அவரே அனுபவிக்கலாம். தொழில் ரகசியத்தைத் தந்தை மகனுக்கும் சொல்லாமல் மறைத்த காலத்தை மாற்றியது இந்த ஏற்பாடுதான். குழியில் வாரக்கணக்கில் கிடந்த தோல், சுழலும் டிரம்மில் சில மணி நேரத்தில் குரோமியத்தை ஏற்றுக்கொள்ளலாயிற்று. சென்னைவாசிகள் தினமும் மின்சார ரயிலில் கடந்துசெல்லும் குரோம்பேட்டை, அங்கே நிறுவப்பட்ட குரோம் லெதர் தொழிற்சாலையால் அப்பெயர் பெற்ற ஊர்.

சுதந்திரத்தை அடுத்து 1948-இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1958 முதல் அதன் இயக்குநராக விளங்கிய டாக்டர் நாயுடம்மா, ஆய்வகத்தில் கண்டதைத் தோல் பதனிடுவோரின் கைக்குக் கொண்டுசேர்ப்பதையே தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டார். பிறகு 1970-களில், பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் காலணி முதலிய பொருள்களையும் ஏற்றுமதி செய்ய ஊக்கமளிக்க வேண்டும் என்று சீதாராமையா குழு கூறியதை அரசாங்கம் ஏற்றபோது, வேலூர்ப் பகுதியில் தொழிலின் ரூபமே மாறிற்று. பட்டையும் கடுக்காயும் இருந்த இடத்தில் குரோமியம் உப்பு, சாயம், செயற்கைப் பதனீட்டுப் பொருள், கொழுப்புக் குழம்பு என்று எண்ணிறந்த ரசாயனங்கள் வந்து நின்றன. குரோமிய முறையில் ஏறத்தாழ 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன என்பது பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றில் பதிவாயிற்று. இத்தனையையும் ஒருவர் விரல் நுனியில் வைத்துக்கொள்ள முடியுமா?

டிரம்மின் அருகில்

பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட, டிரம்மின் அருகில் சென்று ஒரு கட்டத்தை மட்டும் பார்ப்பது நல்லது. சுண்ணாம்பு நீங்கிய தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் சுழற்றுவது ‘பிக்கிள்’. அமில நிலையில் இருக்கும் அந்தத் தோலுக்குள் குரோமியம் உப்பு தடையின்றி நடுப்பகுதிவரை ஊடுருவிச் செல்லும். ஆனால் அங்கே இறுகப் பற்றிக்கொள்ளாது. ஊடுருவல் முடிந்தபின் சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தன்மையைக் குறைத்தால்தான் குரோமியம் தோலின் நாரோடு பிணையும். சோடாவை ஒரேயடியாகக் கொட்டினால், குரோமியம் உள்ளே பிணைவதற்கு முன்பே மேற்புறத்தில் படிந்துவிடும். தோலின் முகம் சொரசொரத்துக் கறைபடும்.

இக்கட்டத்துக்கு ஒரு டேனரியில், “கடைசியில் சோடா போட்டு ஓட்டவும், பதம் பார்த்து இறக்கவும்” என்று குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதியவருக்கு இது போதும். ஏனெனில் எவ்வளவு, எப்படி, எதுவரை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் காய்ச்சலில் படுத்த நாளில் டிரம்மை ஓட்ட வந்தவருக்கு இந்தக் குறிப்பினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இன்னொரு டேனரியின் குறிப்பு இப்படி இருக்கட்டும்: “சோடியம் பைகார்பனேட் 1 சதவீதம் (சுண்ணாம்புத் தோலின் எடைக்கு), 10 மடங்கு நீரில் கரைத்து, 4 பங்காகப் பிரித்து, 15 நிமிடத்துக்கு ஒரு பங்கு, பிறகு 2 மணி நேரம் ஓட்டுக. பி.எச். 3.8-க்கும் 4.0-க்கும் இடையில் இருக்க வேண்டும். கழுத்துப் பகுதியில் தடித்த இடத்தை நறுக்கிப் பார்க்க. வெட்டுமுகம் முழுதும் ஒரே நீலமாக இருக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் சேர்க்கக் கூடாது: முகம் கறைபடும்.”

இரண்டாவது குறிப்பில் அளவுகள் இருப்பது மட்டும் சிறப்பன்று. அடைப்புக்குள் இருக்கும் ‘சுண்ணாம்புத் தோலின் எடைக்கு’ என்ற மூன்று சொற்களைப் பாருங்கள். தோல் தொழிலில் எல்லா அளவும் சதவீதத்தில் பேசப்படுகிறது; ஆனால் எதன் எடைக்குச் சதவீதம் என்பது கட்டத்துக்குக் கட்டம் மாறும். சுண்ணாம்பில் ஊறி உப்பிய தோலின் எடை ஒன்று. குரோமியம் ஏறி, நீர் பிழிந்து, இயந்திரத்தில் சீவப்பட்ட ‘வெட் புளூ’ தோலின் எடை அதைவிட மிகக் குறைவு. இதைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்வது, அளவைச் சொல்லாததைவிட அபாயகரமானது. படிப்பவர் தெரிந்துகொண்டதாக நினைத்துவிடுவார். குறிப்பின் கடைசி வாக்கியமும் முக்கியமானது. ‘இப்படிச் செய்’ என்று மட்டும் எழுதினால், நேரமில்லாத நாளில் அதை மீறத் தோன்றும். ‘ஏன்’ என்பதையும் சேர்த்து எழுதினால், மீறுகிறவர் எதைப் பணயம் வைக்கிறார் என்று அறிந்தே மீறுவார், பெரும்பாலும் மீறவும் மாட்டார்.

தோல் கறைபடுவது பண நஷ்டத்தோடு போகும். உயிரோடு விளையாடும் இடங்களும் இதே கூரையின்கீழ் உண்டு. மயிர் நீக்கும் சுண்ணாம்புக் குழம்பில் சோடியம் சல்ஃபைடு கலந்திருக்கிறது. பிக்கிள் நீரில் கந்தக அமிலம் இருக்கிறது. இவ்விரண்டு கழிவுகளும் ஒரே கால்வாயிலோ தொட்டியிலோ சந்தித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் விஷவாயு எழும். அழுகிய முட்டை நாற்றத்தால் முதலில் தன்னை அறிவிக்கும் இவ்வாயு, செறிவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுவதால், ‘நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்’ என்று நினைத்தவர் மீள்வதில்லை. கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்கள் இவ்வாறு மாண்ட செய்தியை வடாற்காட்டுப் பக்கம் அறியாதவர் குறைவு. எந்தக் கழிவு எந்தக் குழாயில் போகிறது என்று காட்டும் ஒரு வரைபடமும், தொட்டியின் வாயருகே எல்லோரும் படிக்கும்படி எழுதிய ஓர் எச்சரிக்கையும் இங்கே குமாஸ்தா வேலை என்று எவர் சொல்லத் துணிவார்?

நிரூபிக்கும் கடமை

பாலாற்றுப் படுகையில் கிணறுகள் கெட்டு, விளைநிலங்கள் பாழாகி, குடிநீருக்கு மக்கள் அலைந்த நிலையில், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. தோல் கழிவினால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற மதிப்பீடும், ஒரு கிலோ தோலை முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது என்ற விவரமும் அந்த வழக்கில் பேசப்பட்டன. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28-இல் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்காக நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகப் படிக்கப்படுகிறது. அதே தீர்ப்பில் பொறியியலாளர்கள் படிக்க வேண்டிய இன்னொரு கோட்பாடும் இருக்கிறது: தமது செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவரையே சாரும்.

இதன் பொருள் சாமானியமானதன்று. ‘நான் தவறு செய்தேன் என்று நீ காட்டு’ என்று சொல்லிவந்த தொழில், ‘நான் சரியாகச் செய்தேன் என்று இதோ காட்டுகிறேன்’ என்று சொல்லவேண்டிய இடத்துக்கு வந்தது. காட்டுவது எதைக்கொண்டு? எத்தனை கனமீட்டர் கழிவுநீர் உள்ளே வந்தது, அதில் குரோமியம் எவ்வளவு, காற்றூட்டும் தொட்டியில் எவ்வளவு நேரம் தங்கிற்று, வடிகட்டியில் எத்தனை டன் கசடு பிரிந்தது, அக்கசடு எங்கே போயிற்று என்ற நாள்வாரிக் கணக்கைக்கொண்டுதான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய இடங்களில் எழுந்த பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும், பின்னர் ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற விதியினால் அவற்றோடு சேர்ந்த சவ்வூடு வடிப்பு இயந்திரங்களும் கொதிகலன்களும் இத்தகைய கணக்கின்றி ஒரு நாளும் நடக்க முடியாதவை.

இதே சமயத்தில் வெளிநாட்டு வாசலிலும் காகிதம் கேட்டார்கள். தோலில் பூஞ்சை பிடிக்காதிருக்கச் சேர்க்கப்பட்ட பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி 1989-இல் தடைசெய்தது. 1994-இல் சில அசோ சாயங்களையும் விலக்கியது. 2015 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியம், உடம்பில் படும் தோல் பொருள்களில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாதென்று கட்டளையிட்டது. பதனீட்டில் பயன்படுவது தீங்கு குறைந்த மூவிணைதிறக் குரோமியம்தான். ஆனால் கொழுப்புக் குழம்பில் மீன் எண்ணெய் இருந்தாலோ, அமிலத்தை நீக்கும் கட்டத்தில் பி.எச். அளவுக்கு மிஞ்சி ஏறினாலோ, உலர்த்தும்போதும் கிடங்கிலும் வெப்பமும் வெளிச்சமும் அதிகப்பட்டாலோ, அது மெல்ல ஆறிணைதிற வடிவத்துக்கு மாறக்கூடும். ஹாம்பர்க்கில் ஒரு பெட்டி தேறாமற் போனதாகச் செய்தி வந்தால், ஆம்பூரில் உள்ள பொறியியலாளர் காரணத்தை எங்கே தேடுவார்? அந்தப் பெட்டியிலிருந்த தோல் எந்த டிரம்மில், எந்தத் தேதியில், எந்தக் கம்பெனியின் எந்த எண்ணுள்ள எண்ணெயோடு ஓடிற்று என்ற குறிப்பு இருந்தால், ஒரு பிற்பகலில் கண்டுபிடிக்கலாம். இல்லையென்றால் ஊகம்தான், ஊகத்தினால் திருத்திய தவறு திரும்ப வரும்.

யாருக்காக எழுதுகிறோம்?

இவ்வளவு நிர்ப்பந்தம் வந்தபின் காகிதம் பெருகாமல் இருக்குமா? பெருகத்தான் பெருகிற்று. ஆனால் அதிலேயே ஒரு புதிய வியாதி தொற்றிக்கொண்டது. தணிக்கையாளர் வருகைக்கு முதல் நாள் இரவு உட்கார்ந்து ஒரே பேனாவினால், ஒரே கையெழுத்தில், ஒரு மாதத்து லாக் புக்கை நிரப்பும் வழக்கத்தை எத்தனையோ தொழில்களில் காணலாம். பி.எச். அளவு நாள் தவறாமல் 3.9, வெப்பநிலை நாள் தவறாமல் 38. இயற்கையில் எந்த அளவும் இப்படி ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பது அதை எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். இந்தக் காகிதம் சான்றிதழ் வாங்கித் தரலாம். அடுத்த ஷிப்டில் டிரம் முன்னால் நிற்பவருக்கு இது தருவது பொய்யான தைரியம் ஒன்றுதான்.

ஆகவே பொறியியலாளருக்கு உணர்த்தவேண்டிய முதல் விஷயம், ‘எழுது’ என்பதைவிட, ‘யாருக்காக எழுதுகிறாய் என்று தெரிந்து எழுது’ என்பதே. எழுதியவர் அருகில் இல்லாத நேரத்தில், அவர் செய்த அதே வேலையைச் செய்யவேண்டியவர் எவரோ அவருக்காக எழுதப்பட்ட ஆவணம், ஆய்வாளரையும் திருப்தி செய்யும். ஆய்வாளருக்காக மட்டும் எழுதப்பட்டது இவருக்கு உதவாது.

ஷிப்டு மாறும்போது ஒரு காகிதம் கைமாறாததன் விலை என்ன என்பதை 1988 ஜூலை 6-இல் ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் உலகம் கண்டது. பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில், ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்டில் பழுதுபார்க்கக் கழற்றி, அந்த இடத்தைத் தற்காலிக மூடியால் அடைத்திருந்தார்கள். வேலை முடியவில்லை, ஆகையால் பம்பை இயக்கக் கூடாது என்ற அனுமதிச் சீட்டும் எழுதப்பட்டிருந்தது. இரவு ஷிப்டினருக்கு அச்செய்தி போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்பு நின்றுபோகவே, அவர்கள் இதை இயக்கினார்கள். எரிவாயு கசிந்து வெடித்து, 167 பேர் மாண்டனர். எழுதுவதோடு ஆவணத்தின் கடமை முடிவதில்லை. உரியவர் கண்ணில், உரிய நேரத்தில் படுவதும் அதன் கடமையே.

நம் பகுதியிலேயே துயரம் நேர்ந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்திலிருந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்று வெள்ளத்தில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். குற்றம் யாருடையது என்று தீர்ப்பது சட்டத்தின் வேலை. பொறியியலாளர் எண்ணிப்பார்க்க வேண்டியது வேறொன்று. தேங்கிய திரவம் சுவரைத் தள்ளும் விசை ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. மட்டம் இரண்டு மடங்கு உயர்ந்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு, அடிப்பகுதியில் சுவரைக் கவிழ்க்க முயலும் திருப்புவிசை எட்டு மடங்கு. கெட்டியான கசடுக்கும் நீர்த்த குழம்புக்கும் சுவர்மீது விழும் அழுத்தம் வேறு. எந்தத் தொட்டியாயினும், எந்தப் பொருளுக்காக, எவ்வளவு உயரம்வரை கணக்கிட்டுக் கட்டப்பட்டது என்பது வடிவமைத்தவருக்குத் தெரியும். வால்வைத் திறப்பவருக்குத் தெரியுமா? சுவரின் உட்புறத்தில் சிவப்புப் பெயின்டால் இழுத்த ஒரு கோடும், அதற்கருகே ‘இதற்குமேல் நிரப்பக் கூடாது’ என்று தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் எழுதிய ஒரு வரியும் தொழில்நுட்ப ஆவணமே. எழுத்தறியாதவரும் அந்தக் கோட்டைப் படித்துவிடுவார்.

எழுதத் தயங்குவது ஏன்?

பொறியியலாளர்களை நொந்துகொள்வதற்குமுன், அவர்கள் சொல்லும் காரணங்களையும் நியாயமாகக் கேட்கவேண்டும். நேரமில்லை என்பது முதற் காரணம். ஏற்றுமதித் தேதி நெருங்கும்போது எழுத உட்காருகிறவரை எந்த முதலாளியும் மெச்சிக்கொள்வதில்லை. இயந்திரம் நின்றால் கேள்வி உண்டு, குறிப்பு நின்றால் கேள்வி இல்லை. இரண்டாவது, வாயால் எளிதில் சொல்லப்படாதது: எழுதிக் கொடுத்துவிட்டால் தம்மை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். டேனரி டெக்னீஷியன் தம் செய்முறைகளையெல்லாம் ஒரு சொந்த நோட்டில் குறித்துவைத்து, கம்பெனி மாறும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டு போவது இந்தப் பயத்தின் விளைவுதான். அந்த நோட்டு அவருடைய பிராவிடண்ட் பண்டு போன்றது. அதைச் சும்மா கொடு என்றால் யார் கொடுப்பார்? ஆவணத்தில் எழுதியவர் பெயர் நிற்பதும், எழுதிய வேலைக்குச் சம்பள உயர்விலும் பதவி உயர்விலும் கணக்கு வைப்பதும் நடைமுறைக்கு வந்தாலன்றி, வெறும் உபதேசம் இந்தப் பயத்தைப் போக்காது. காப்புரிமைச் சட்டம் நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்ட உண்மை இது: எழுதுகிறவருக்கு ஒரு பலன் இருந்தால்தான் எழுத்து வெளிவரும்.

மூன்றாவது காரணம் கல்வியைச் சார்ந்தது. நான்கு ஆண்டுகள் கணிதமும் இயந்திரவியலும் கற்பிக்கும் கல்லூரி, கற்றதை இன்னொருவர் செய்யும்படி எழுதக் கற்பிப்பதில்லை. இறுதியாண்டுத் திட்ட அறிக்கை பெரும்பாலும் அட்டையின் அழகுக்கே மதிப்பெண் பெறுகிறது. தமிழருக்கு இத்துறை அந்நியமானதும் அல்ல. சீர்காழியில் பிறந்து, கணிதம் போதித்து, பின்னர் இந்திய நூலக இயலின் தந்தை என்று உலகம் போற்ற வாழ்ந்த எஸ். ஆர். ரங்கநாதன், ஆராய்ச்சியாளருக்கும் தொழிலுக்கும் வேண்டிய செய்தியை வேண்டிய நேரத்தில் எடுத்துக் கொடுப்பதைத் தனி சாஸ்திரமாகவே வளர்த்து, 1962-இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமென்று ஒரு மையத்தை நிறுவினார். எழுதியது வேண்டும்போது கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய பிடிவாதத்தில் ஒரு பங்காவது நம் தொழிற்சாலை அலமாரிகளுக்கு வரவேண்டும்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டங்கள் தேவையில்லை. செய்முறைக் குறிப்பு எழுதியவரை ஒதுங்கி நிற்கச் சொல்லி, அவ்வேலையை முன்பின் அறியாத ஓர் இளைஞரை, குறிப்பை மட்டும் கையில் கொடுத்து, ஓர் ஆட்டுத் தோலில் வெள்ளோட்டம் விடச் சொல்லுங்கள். எங்கே அவர் தயங்கி நின்று, “இதுக்கு அப்புறம் என்ன சார்?” என்று கேட்கிறாரோ, அங்கேயெல்லாம் குறிப்பில் ஓட்டை இருக்கிறது. இந்த ஒரு பரிசோதனை செய்யும் போதனையை நூறு சொற்பொழிவுகள் செய்ய மாட்டா. புதிய இயந்திரம் வாங்கும்போது, அதன் கையேடும், நிறுவி முடித்தபின் உள்ளபடி திருத்திய குழாய் வரைபடமும் வந்து சேரும்வரை கடைசித் தவணைப் பணத்தை நிறுத்திவையுங்கள். காகிதம் தானே வந்துவிடும். ஒரு குழாயை மாற்றினால், ஒரு வால்வை இடம்பெயர்த்தால், மாற்றிய அன்றே யார், எப்போது, எதற்காக என்று மூன்று வரி எழுதும் வழக்கம் ஏற்படட்டும். ‘எதற்காக’ என்பதை விட்டுவிட்ட குறிப்பைப் பாதிக் குறிப்பாகவே கொள்ளுங்கள். டிரம்மை ஓட்டுகிறவர் படிக்கும் மொழியில் எழுதுங்கள்; ஆங்கிலக் கையேடு அலுவலக அறையில் இருப்பது, அவரைப் பொறுத்தமட்டில், இல்லாததற்குச் சமம்.

இவற்றுள் ஒன்றுக்கு மட்டும் அவகாசம் மிகக் குறைவு. பாலாற்றுப் பகுதியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைத் தொண்ணூறுகளில் முன்னின்று நிறுவியபோது முப்பது வயதிருந்த பொறியியலாளர்கள் இப்போது அறுபதைக் கடந்து, ஒருவர்பின் ஒருவராக ஓய்வு பெற்றுவருகிறார்கள். முதலில் வரைந்த படத்துக்கும் இன்று ஓடும் நிலையத்துக்கும் இடையே முப்பது ஆண்டு மாறுதல்கள் இருக்கின்றன. எந்தத் தொட்டியில் எந்த வேனிலில் நுரை பொங்கியதால் எந்தக் குழாய் திருப்பப்பட்டது, எந்தச் சுவருக்கு எப்போது முட்டுக் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் பலவிடத்தும் அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. ஓய்வு பெறும் ஒவ்வொருவரையும் மாலை மரியாதையுடன் வழியனுப்புவதற்கு முன், அன்றாட வேலையிலிருந்து ஆறு மாதம் விடுவித்து, ஓர் இளம் பொறியியலாளரைக் கூடவே வைத்து, நிலையத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து, கண்டதையும் அதன் காரணத்தையும் எழுதவைக்க வேண்டும். அந்த ஆறு மாதச் சம்பளம், ஒரு சவ்வூடு வடிப்பு இயந்திரம் காரணம் தெரியாமல் அடைபட்டு நிற்கும்போது ஏற்படும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் பெரிய தொகையாகாது. எழுதும் இளைஞரோ, கல்லூரி கற்பிக்காமல் விட்ட பாடத்தைக் கற்றுக்கொண்டு, அந்த நிலையத்தைப் பொறுப்பேற்று நடத்தத் தகுதி பெற்றிருப்பார்.